வீட்டுக்குள்ள வச்சுச் சுடுற கரண்ட் கிறில் வேண்டலாமோ?

கேள்வி கேட்டவர் புதுக்குடியிருப்பில வீடு கட்டிக்கொண்டிருக்கிறாராம், குசினி மேசையில வைக்கிற, நல்லா சூடேறுற கரண்ட் கிறில் ஒண்டு வேண்டலாமோ, அதில நல்லது கெட்டது என்னெண்டு கேட்டிருக்கிறார். நான் கிளிநொச்சிப் பக்கம், ரெண்டு வருசமா ஒண்டு பாவிக்கிறன். முதல் உங்கட சுவரில இருக்கிற பிளக்கைப் பாருங்கோ, கிறிலைப் பேந்து பாப்பம்.

ஏன் எண்டா எனக்கு நடந்தது இது. என்ர கிறில் 1800 வாட்ஸ், எங்கட கரண்ட் 230 வோல்ட், கணக்குப் பாத்தா 8 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். எங்கட பழைய குசினியில கிடந்தது லைட்டுக்கும் ரேடியோவுக்கும் போட்ட உருண்டைக்கால் 5 அம்பியர் பிளக். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி அதில ஒரு அடாப்டரைக் குத்தி, எக்ஸ்டென்ஷன் வயரும் இழுத்து வச்சன். முதல் நாள் ஒண்டுமில்லை, ரெண்டாம் நாளும் ஒண்டுமில்லை, மூண்டாம் நாள் விளைமீனைப் போட்டுட்டு நிக்கிறன், மீன் மணத்துக்குள்ள இன்னொரு மணம் வருது. வயரைத் தொட்டா கை வைக்கேலாத சூடு. பிளக் பழுப்பு நிறமாகி இளகி அடாப்டரோட ஒட்டிப்போய்க் கிடக்கு, அம்மாதான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிப்பாட்டினா. பிறகு வயரிங் செய்யிற ஆளைக் கூப்பிட்டு, தடிச்ச 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் தனிய இழுத்து, ஏர்த்தும் போட்டு, சதுரக்கால் 13 அம்பியர் பிளக் பூட்டினது. நீங்கள் இப்பதான் கட்டுறியள், வயரிங்காரனிட்ட இப்பவே சொல்லுங்கோ, சுவர் பூசின பிறகு சொன்னா செலவு ரெண்டு மடங்கு.

இன்னொண்டு, கனடாவில இருந்து ஆரும் சாமானோட சாமானா கிறிலையும் கட்டி அனுப்பினா நேர குத்திப் போடாதேங்கோ. அங்க 120 வோல்ட். இங்க குத்தினா வோல்டேஜ் கிட்டத்தட்ட இரட்டை, சூடு நாலு மடங்குக்குக் கிட்டப் போகும், அதோட அதின்ர கதை முடிஞ்சுது. அதுக்கெண்டு டிரான்ஸ்போமர் வேண்டப் போனா தூக்கவே ரெண்டு பேர் வேணும்.

சரி, நல்லது என்னெண்டா சூடுதான். தட்டு 230, 250 பாகைக்குப் போகும். மீனோ இறைச்சியோ சிவந்து மணம் வாறதுக்கு 140 பாகைக்கு மேல வேணும், மேல தண்ணி நிக்குமட்டும் சூடு 100ஐத் தாண்டாது, அதுதான் சூடு காணாத சட்டியில போட்ட மீன் தண்ணி விட்டு அவிஞ்சு போறது. அதால மீனைக் கழுவி, துணியால ஒத்தி ஈரத்தை எடுத்து, உப்பு, மஞ்சள், மிளகுதூள் தடவி, கிறிலைப் பத்து நிமிசம் வெறுமையாச் சூடாக்கிப்போட்டு வையுங்கோ. ஒரு அங்குலத் தடிப்புப் பாரைத் துண்டு பக்கத்துக்கு நாலஞ்சு நிமிசம் காணும். வச்ச உடன பிரட்டப் போகாதேங்கோ, ஒட்டிக்கொண்டு கிழியும், தானா விடும் அது. கணவாய், றால் எல்லாம் இன்னும் கெதி. கோழிக்காலிலதான் ஏமாறுவியள், வெளியில கறுத்திருக்கும், எலும்படியில ரத்தம் நிக்கும், அதால கீறி விரிச்சுப் போடுங்கோ, உள்ளுக்கு 74 பாகை வரவேணும்.

கெட்டது புகை. எங்கட வீட்டுத் தேங்காயெண்ணெய் 175 பாகையிலயே புகையத் தொடங்கிடும், தட்டில ஊத்தினியளோ கண் எரிஞ்சு முற்றத்துக்கு ஓடவேண்டியதுதான். மீனில மட்டும் லேசாத் தடவுங்கோ, ஜன்னலுக்குக் கிட்ட வையுங்கோ. சீனி, தக்காளி சோஸ் போட்ட மசாலா எண்டா கடைசி ரெண்டு நிமிசத்தில பூசுங்கோ, இல்லாட்டிக் கரி. ஒட்டாத பூச்சுத் தட்டை வெறுமையா ஏத்தி விட்டுட்டுப் போன் கதைக்கப் போகாதேங்கோ, 260 பாகை தாண்டினா அந்தப் பூச்சு கெடத் தொடங்கும், அந்தப் புகை குருவியளுக்கு நஞ்சு. லவ் பேர்ட்ஸ் கூடு வீட்டுக்குள்ள இருந்தா வெளி விறாந்தைக்கு மாத்துங்கோ.

கரண்ட் பில் பெருசா பயப்பிட ஒண்டுமில்லை, அரை மணித்தியாலம் விடாம ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குக் கீழதான், ஆனா யூனிட் கூடக் கூட விலையும் படியேறுறது தெரியும்தானே. சின்ன சோலார் இன்வேட்டர் இதை இழுக்காது. 2022இல மணிக்கணக்கா கரண்ட் வெட்டினாங்களே, அப்படி ஒரு காலம் திரும்ப வந்தா இது மேசையில கிடக்கிற இரும்புதான்.

சிரட்டைக்கரியில சுட்ட வாசம் இதில வராது, வரும் எண்டு சொல்லுறவன் விக்கிறவன். பத்துப் பதினைஞ்சு பேர் வந்தா நான் இண்டைக்கும் மூண்டு கல்லு வச்சு முற்றத்திலதான் சுடுறது. ஆனா கார்த்திகை மார்கழி மாரியில முற்றம் சேறு, விறகு நனைஞ்சு கிடக்கும், வீட்டில மூண்டு பேர், அப்ப இதை விட்டா வேற இல்லை.

அம்மா இப்பவும் கிறில் ஓடேக்க மெயின் சுவிட்சுக்குக் கீழதான் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பா. முதல் துண்டும் அவவுக்குத்தான் போகவேணும்.