கடலோர நிலத்தை லேண்ட் டிரஸ்ட்டுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: பாஸ்டனில் வசிக்கிறோம். வடக்கே மெய்ன் மாநிலத்தில் கடலை ஒட்டி 14 ஏக்கர் நிலம் 2009-இல் வாங்கிப் போட்டோம். அங்கே உள்ள ஒரு லேண்ட் டிரஸ்ட், இயற்கைப் பாதுகாப்புக்கும் மக்கள் வந்து நடமாடவும் அந்த நிலத்தை வாங்கிக்கொள்ள விரும்புவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. மறுத்தால் எடுத்துக்கொள்வார்களா? சந்தை விலை கிடைக்குமா? ஓய்வுக்காலத்துக்கு ஒரு சின்ன வீடு கட்டும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. லேண்ட் டிரஸ்ட் என்பது லாப நோக்கில்லாத தனியார் அமைப்பு. அரசைப் போலக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ‘விருப்பமில்லை’ என்று ஒரு வரி எழுதிப் போட்டால் பேச்சு அதோடு முடிந்தது.

உங்கள் நிலத்தின்மேல் அவர்களுக்கு ஏன் கண் என்பதைப் புரிந்துகொண்டால் பேரம் பேச வசதியாக இருக்கும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கடல் ஏறித் தொடும் எல்லைக்குக் கீழே உள்ளது பொதுச்சொத்து. மெய்னிலும் மாசசூசெட்ஸிலும் அப்படியில்லை. 1640-களின் காலனி ஆட்சிச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. அதன்படி கடல் வற்றும் எல்லைவரை, அதிகபட்சம் 1,650 அடி தூரத்துக்கு, கரை நிலத்துக்காரருக்கே சொந்தம். பொதுமக்களுக்கு அங்கே மீன்பிடிப்பு, பறவை வேட்டை, படகுப் போக்குவரத்து ஆகிய உரிமைகள்தான் உண்டு. வெல்ஸ் ஊரின் மூடி பீச் வழக்கில் 1989-இல் மெய்ன் உச்ச நீதிமன்றமும் பொழுதுபோக்கு அந்த உரிமைகளில் சேராது என்றே சொன்னது. ஆக, வாளியும் கொத்தும் எடுத்துக்கொண்டு உங்கள் சேற்றுப்பரப்பில் மட்டி தோண்ட வருபவரை நீங்கள் தடுக்க முடியாது; துண்டு விரித்து வெயில் காய்பவரைத் தடுக்கலாம்! இந்த விசித்திரத்தால், மக்கள் கடற்கரையில் உரிமையோடு நடக்க வேண்டுமென்றால் யாராவது அந்த நிலத்தை வாங்கித்தான் ஆக வேண்டும். 1970-இல் தொடங்கிய மெய்ன் கோஸ்ட் ஹெரிடேஜ் டிரஸ்ட் முதல் ஊர் அளவிலான சின்ன டிரஸ்ட்கள் வரை அந்த வேலையைத்தான் செய்கின்றன.

சரி, விலைக்கு வருவோம். பணம் பெரும்பாலும் நன்கொடையாகவும், மாநிலத்தின் லேண்ட் ஃபார் மெய்ன்ஸ் ஃபியூச்சர் போன்ற நிதியிலிருந்தும் வரும். அரசு நிதி கலந்தால் அப்ரைசல் மதிப்புக்கு, அதாவது மதிப்பீட்டாளர் கணித்துச் சொல்லும் விலைக்கு, மேல் தருவது நடக்காத காரியம். எனவே சந்தை விலையை எதிர்பார்க்கலாம், ஏலம் விட்டு ஏற்ற முடியாது. நிதி திரட்ட ஓராண்டு, ஒன்றரை ஆண்டுகூட ஆகும். அதுவரை வேறு யாருக்கும் விற்காமலிருக்க ஒரு சிறு தொகை தந்து ஆப்ஷன் ஒப்பந்தம் போடச் சொல்வார்கள். போடுங்கள், ஆனால் முடிவுத் தேதி கறாராக இருக்கட்டும். நிதி சேராவிட்டால் அந்தத் தொகை உங்களுக்கே என்றும் எழுதி வாங்குங்கள்.

மதிப்பைவிடக் குறைத்து விற்று, மிச்சத்தை நன்கொடையாகக் கணக்குக் காட்டும் வழியையும் டிரஸ்ட் சொல்லும். இங்கேதான் பலர் கணக்கில் இடறுகிறார்கள். நிலம் 3 லட்சம் டாலருக்கு வாங்கியது, இன்றைய மதிப்பு 6 லட்சம், 4 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். லாபம் 1 லட்சம்தானே என்று தோன்றும். வரித்துறை அப்படிப் பார்ப்பதில்லை. மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் விற்றிருக்கிறீர்கள்; எனவே வாங்கிய விலையிலும் மூன்றில் இரண்டு பங்கான 2 லட்சத்தை மட்டும் கழிக்க விடுவார்கள். வரிக்குரிய லாபம் 2 லட்சம். நன்கொடையான 2 லட்சத்தை அந்த ஆண்டு வருமானத்தில் 30 சதவீதம் வரை கழிக்கலாம், மீதி அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குப் போகும்.

நிலத்தை விற்காமல், கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கும் ஈஸ்மென்ட் வழியும் உண்டு. அதை நன்கொடையாகத் தந்தால் சலுகை தாராளம்: வருமானத்தில் 50 சதவீதம் வரை கழிக்கலாம், மீதி அடுத்த 15 ஆண்டுகளுக்குப் போகும். ஆனால் மக்கள் நடமாட இடம் தேடும் டிரஸ்ட்டுக்கு அது அரைக் கிணறுதான்.

உங்கள் வீட்டு ஆசைக்கு என் யோசனை: சாலையை ஒட்டி இரண்டு ஏக்கரை, ஊரின் மனைப்பிரிவு விதிகளைப் பார்த்து, உங்களுக்கென்று பிரித்து வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள். வண்டி நிறுத்துமிடம் எந்தப் பக்கம் வரும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வரைபடத்தில் குறித்துக் கேளுங்கள். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் பார்க்கிங்கில்தான், பறவைகளால் அல்ல.

அவர்கள் நாளைக்கு பில்டருக்கு விற்றுவிட்டால் என்ற சந்தேகமும் வரும். கிரயப் பத்திரத்திலேயே பாதுகாப்பு நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள்; லேண்ட் டிரஸ்ட்களின் தேசியக் கூட்டமைப்பான லேண்ட் டிரஸ்ட் அலயன்ஸ் வழி அங்கீகாரம் பெற்ற அமைப்பா என்றும் பாருங்கள்.

அப்புறம், நன்கொடை கணக்குக் காட்டுவதாக இருந்தால் டிரஸ்ட் எடுத்த அப்ரைசலை நம்பி உட்காராதீர்கள். தகுதியுள்ள மதிப்பீட்டாளரை நீங்களே அமர்த்துங்கள். பத்திரம் முடியும் தேதிக்கு 60 நாளுக்கு முன்னதாகச் செய்த மதிப்பீட்டை வரித்துறை ஏற்காது, அதனால் ரொம்ப சீக்கிரமும் வேண்டாம்.