பாதி சீசன்ல ஒரு பழைய ரிசீவர் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நியூஜெர்சியில இருக்கேன். வந்த புதுசுல அமெரிக்கன் ஃபுட்பால் ஒண்ணும் புரியல, இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா டிவி முன்னாடிதான். ஜெட்ஸ் டீமோட ஃபேன் (சிரிக்காதீங்க). 2024 அக்டோபர்ல டவான்டே ஆடம்ஸ்ங்கிற ரிசீவரை (எறியிற பந்தை ஓடிப் பிடிக்கிறவர்) கொண்டுவந்தப்ப நாங்கல்லாம் அப்படிக் குதிச்சோம், கடைசியில 5 வெற்றி 12 தோல்விதான் மிச்சம். வயசான ரிசீவரை சீசன் நடுவுல சேர்க்கிறதே வேஸ்ட்டுனு ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?

அன்புடன்,
ஒரு வாசகர்

வணக்கம்.

ஜெட்ஸ் ஃபேனைப் பாத்து யாருங்க சிரிப்பா, பாவமாத்தான் இருக்கும்.

உங்க நண்பர் வயசைப் பிடிச்சுத் தொங்குறார், சிக்கல் அங்க இல்ல. 2019 அக்டோபர் 22, ஒரே நாள்ல ரெண்டு ரிசீவர் டிரேடு, அதாவது டீம் மாத்தல், நடந்துச்சு. 32 வயசு இமானுவேல் சாண்டர்ஸ் டென்வர்லருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு, 30 வயசு முகமது சனு அட்லாண்டாலருந்து நியூ இங்கிலாந்துக்கு. ஜெயிச்சது மூத்தவர்தான். ஏன்னா சான்ஃபிரான்சிஸ்கோல பந்தைக் கையில வச்சு ஓடுற ஆட்டமும் டிஃபென்ஸும் ஏற்கனவே பிரமாதம், இருந்த ரிசீவருங்க சின்னப் பசங்க, ரூட்டை, அதாவது பந்து வாங்கப் போட்டுவச்ச ஓட்டப் பாதையை, ஒழுங்கா ஓடுற ஒரு கை மட்டும்தான் குறைச்சல். டிசம்பர்ல செயின்ட்ஸ் டீமோட நடந்த 48-46 மேட்ச்சைத் தேடிப் பாருங்க, மனுஷன் 157 யார்டு பிடிச்சு ஒரு டச்டவுன் (எதிராளி எல்லைக்குள்ள பந்தைக் கொண்டுபோறது) போட்டது பத்தாதுன்னு ஒரு டச்டவுன் பாஸையும் அவரே எறிஞ்சார்!

சனு நல்ல ஆட்டக்காரர்தான், ஆனா நியூ இங்கிலாந்துல ரிசீவருங்க ஆன்டோனியோ பிரவுனும் இல்ல ஜோஷ் கோர்டனும் இல்ல, அத்தனை ஓட்டையையும் இவர் அடைக்கணும். அந்த டீம் ஆட்டத்துல ரிசீவர் ஓடிக்கிட்டே எதிராளி எப்படித் தடுக்குறான்னு (கவரேஜ்) பாத்து ரூட்டை மாத்தணும், அதே நொடியில பந்தை எறியிற பிரேடியும் அதையே நினைக்கணும், இதெல்லாம் கோடைக்கால கேம்ப்ல ஊறி வர்ற விஷயம். பந்தி பாதியில கரண்டி வாங்குறவனுக்கு எந்த இலைக்கு என்ன போட்டாச்சுனு எப்படித் தெரியும்? போதாக்குறைக்குக் கணுக்கால் வேற போச்சு. 26 கேட்ச், 207 யார்டு. அதுக்குக் கொடுத்த விலை ரெண்டாவது ரவுண்டு பிக் (டிராஃப்ட்ல புது ஆட்டக்காரரை எடுக்கிற உரிமை), எனக்கு இன்னும் ஆறல.

ஓபிஜே (ரிசீவர் ஓடெல் பெக்காம் ஜூனியர்) கதையும் சாண்டர்ஸ் மாதிரிதான். 2021 நவம்பர்ல ராம்ஸ் டீமுக்கு வர்றார், மறுநாளே அங்க இருந்த ரிசீவர் ராபர்ட் வுட்ஸுக்கு முட்டி போகுது. பந்தை எறிய ஸ்டாஃபோர்டு இருக்கார், பிடிக்க கூப்பர் கப் இருக்கார், இவர் மத்த பக்கத்துல பயம் காட்டினாப் போதும். சீசன் இறுதி மேட்ச்சான சூப்பர் பவுல்ல முதல் டச்டவுனே இவரோடது. ரெண்டாவது குவார்ட்டர்ல முட்டி போய் வெளிய உக்காந்ததும் பாருங்க, எதிர் டீம் சின்சினாட்டியோட டிஃபென்ஸ் மொத்தமும் கப் மேல பாய, மூணாவது குவார்ட்டர்ல ராம்ஸுக்கு பந்தை உதைச்சு எடுக்கிற ஒரு ஃபீல்டு கோல்தான்.

இப்ப உங்க ஜெட்ஸ். ஆடம்ஸ் 11 மேட்ச்ல 854 யார்டு, 7 டச்டவுன் எடுத்தார், இதுக்கு மேல என்ன பண்ணுவார் அவர்? ஜெட்ஸுக்குப் பந்து எறிஞ்ச ராட்ஜர்ஸோட முன்னாடி கிரீன் பே டீம்ல வருஷக்கணக்கா ஆடினவர், புரிதலுக்கும் குறைவில்ல. ஆனா அவர் வரும்போதே டீம் 2 வெற்றி 4 தோல்வி, கோச்சை அனுப்பியாச்சு. உடைஞ்சது ஒண்ணா ரெண்டா, அதுக்கு ரிசீவர் வாங்கி என்ன பிரயோஜனம். அவருக்குக் கொடுத்த மூணாவது ரவுண்டு பிக்கை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். அடுத்த மார்ச்லயே அவரை விட்டுட்டாங்க, யார் எடுத்துக்கிட்டாங்கனு உங்களுக்கே தெரியும், அதே ராம்ஸ்.