புது இடத்தில் நம்மை ஏற்றுக்கொள்ளும் சபையை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை. இரண்டு மூன்று கிறிஸ்தவ சபைகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன், வாசலில் சிரிக்கிறார்கள், அதற்கப்புறம் யாரும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் தனியாகப் போகிறவராக இருப்பீர்கள், இல்லையென்றால் என்னைப் போலக் கையில் ஒரு பிள்ளையோடு. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று முழுசாகப் போய் நிற்கிறவர்களுக்கு இது இவ்வளவு உறைக்காது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கணவரைப் பிரிந்து, ஏழு வயது மகனோடு தெரியாத ஊருக்கு மாற்றலாகி வந்தவள் நான். முதல் ஞாயிறு போன கோயிலில் வாசலிலேயே வரவேற்புக் குழு நின்றது. கை கொடுத்தார்கள், ஆராதனை முறை அச்சடித்த தாளைத் தந்தார்கள். ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தோம். முதல் பாட்டு முடியவில்லை, ஒரு அம்மா வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, நின்றார், அவ்வளவுதான். அவர் கணவர்தான் குனிந்து, "இது நாங்க வழக்கமா உட்காருற இடம்மா" என்றார். எழுந்து பின்னால் போனோம். போகிற வழியில் என் மகன் கோயிலுக்கே கேட்கிற மாதிரி, "ஏம்மா, இங்க சீட்டு ரிசர்வ் பண்ணணுமா?" என்றான்.

பிற்பாடு படித்தேன், ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிறையக் கோயில்களில் பெஞ்சுக்கு வாடகையே வாங்கியிருக்கிறார்கள். பணம் கட்டிய குடும்பத்துக்கு நல்ல இடம், கட்ட முடியாதவர்களுக்கு எங்காவது ஓரத்தில் இலவச பெஞ்சு. வாடகை ஒழிந்துவிட்டது, பட்டா மட்டும் இன்னும் சிலர் கையில் இருக்கிறது. இத்தனைக்கும் பைபிளில் யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் இதைத்தான் கேட்கிறது: பொன் மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடம், கந்தையோடு வருகிற ஏழைக்கு மட்டும் 'அங்கே நில்' என்பதா? அந்தப் பகுதியை வைத்து அதே கோயிலில் அருமையான பிரசங்கம் ஒன்று கேட்டேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து.

அடுத்தது நேர் எதிர். போன அன்றைக்கே பெயர் சொல்லி எழுந்து நிற்க வைத்துக் கைதட்டினார்கள். மறுநாள் மூன்று போன். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு போனிலும் "ஹஸ்பண்ட் வரலையா சிஸ்டர்?" என்ற கேள்வி வந்தது. பதில் சொன்னால் அவருக்காக ஜெபிக்கிறோம் என்பார்கள், அடுத்த வாரம் அது நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். வேறு சபைக்குப் போகிற என் அக்காவோடு பேச்சைக் குறைத்துக்கொள்ளச் சொன்ன அன்றைக்கு நின்றுவிட்டேன். காணிக்கையை எண்ணுவது யார், கணக்கை சபையில் வாசிப்பீர்களா என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. வரவேற்பு அளவுக்கு மீறி இனித்தால் இந்த இரண்டையும் கவனியுங்கள்: சொந்தக்காரர்களிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார்களா, கணக்குக் கேட்டால் முகம் மாறுகிறதா.

உடனே சிலர் 'பெரிய சபைகளைக் குறை சொல்கிறாள்', 'சபை சபையாகத் தாவுகிறவளுக்கு விசுவாசம் ஏது' என்று கிளம்பி வருவீர்கள். பெரிய சபையில் உயிருக்கு உயிரான நட்பு கிடைத்தவர்களை எனக்கே தெரியும். நான் ஆசைப்பட்டுத் தாவவில்லை, இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை காலை என்றாலே வயிற்றைப் பிசையும்.

மூன்றாவதாகப் போன இடத்தில் முப்பது பேர்கூட இருக்கமாட்டார்கள். வரவேற்புக் குழுவெல்லாம் கிடையாது. என் மகன் நெளிந்துகொண்டும் பெஞ்சை உதைத்துக்கொண்டும் இருந்தான். ஆராதனை முடிந்ததும் முன்வரிசைத் தாத்தா ஒருவர் திரும்பிப் பார்த்தார். சரி, இன்றைக்கும் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் விரலை ஆட்டி அவனைக் கூப்பிட்டார். சுவரில் பாட்டு எண்களை மாட்டும் மரப்பலகை இருக்குமே, அதன் கீழே கூட்டிப்போய் ஒரு பழைய தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே முனை மழுங்கிய எண் அட்டைகள். "அடுத்த வாரத்துக்கு இப்பவே போட்டுடலாம். ஆறாம் நம்பர் ஒண்ணு தொலைஞ்சு போச்சு, ஒன்பதைத் தலைகீழாப் போடு, யாருக்கும் தெரியாது" என்றார். அவன் நாற்காலியில் ஏறி நின்று ஒவ்வொன்றாகச் செருகினான். என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு ஞாயிறு போகவில்லை. அடுத்த வாரம் தாத்தா அவனிடம்தான் புகார் சொன்னார்: "போன வாரம் நானே ஏறிப் போட்டேன்டா, முட்டி விட்டுப் போச்சு." பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் வராதது ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது! கணவரைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து நானாகத்தான் சொன்னேன்.

அதனால் என்னைக் கேட்டால், வாசல் சிரிப்பை விட்டுவிடுங்கள். நாலைந்து வாரம் தொடர்ந்து போய்விட்டு ஒரு வாரம் போகாமல் இருந்து பாருங்கள், யாராவது தேடுகிறார்களா என்று. கத்தோலிக்கர் என்றால் ஒரே நேரத்துப் பூசைக்கே போங்கள். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மாலை என்று மாற்றினால் ஒரு முகமும் பழகாது. ஞாயிறு மட்டும் போதாது, வேதபாட வகுப்பு, வீட்டு ஜெபக்கூட்டம், பாடகர் குழு என்று பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். மெதடிஸ்ட் சபையார் 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பன்னிரண்டு பேர் அளவுள்ள 'வகுப்பு'களைத் தொடங்கியதே கட்டடக் கடனுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கத்தான். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வீட்டு நிலைமையையும் பார்த்துவிட்டு வந்தார்கள், கடைசியில் அந்த விசாரிப்புதான் நிலைத்தது.

திருவிருந்து விஷயத்தையும், அதாவது ஆராதனையில் அப்பமும் ரசமும் தருவதை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; கத்தோலிக்கர் அதை நற்கருணை என்பார்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் வெளிச்சபையாருக்குப் பொதுவாக நற்கருணை கிடையாது, மெதடிஸ்ட் மாதிரி பல சபைகளில் தருவார்கள். வரிசையில் போய் நின்று வெறுங்கையோடு திரும்பினால் நம்மைத் தள்ளிவிட்டார்கள் என்றே மனசு நினைக்கும், ஆனால் அது அவர்களுடைய போதனை. பிள்ளை இருந்தால், ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்புக்குப் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். தனி ஒருவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

இதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: நாற்பது பேர் உட்காரும் அறையில் நாலு ஸ்பீக்கர் எதற்கு? பக்கத்தில் இருப்பவர் பாடுவது கேட்கவே மாட்டேன் என்கிறது. எங்கள் சபைக்கும் போன வருடம் அந்த வியாதி வந்துவிட்டது, கேட்டால் வாலிபர்கள் விரும்புகிறார்கள் என்கிறார்கள். ஒரு வாலிபனும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

போன மாதம் நடந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆராதனை தொடங்கிய பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கி எங்கள் வரிசைப் பக்கம் வந்தாள். பக்கத்து இடத்தில் என் கைப்பை இருந்தது, வழக்கமாக அங்கேதான் வைப்பேன். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன், ஆளைக் காணோம்.