தளத்தை மூடியதா நகரத்தை வளர்த்தது?

கேள்வி: சுவீடனின் மால்மோ நகரில் கப்பல் கட்டும் தளம் இருந்த மேற்குத் துறைமுகம், இன்று முறுக்கிய கோபுரமும் கடலோர நடைபாதையுமாக உலகப் புகழ் பெற்றுவிட்டது. தளத்தை மூடியதே அந்த நகருக்கு நடந்த பெரிய நன்மை என்று சொல்லலாம் அல்லவா?

பதில்: சொல்லலாம், இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளை மறந்துவிட்டால். கோக்கும்ஸ் தளத்தில் வணிகக் கப்பல் கட்டுவதைக் கைவிட முடிவெடுத்தது 1986இல். இன்று எல்லோரும் படம் எடுக்கும் கடலோரக் குடியிருப்பு வீட்டுவசதிக் கண்காட்சியாகத் திறக்கப்பட்டது 2001இல். நடுவே அரசு உதவியோடு அங்கு வந்த சாப் கார் தொழிற்சாலை 1989இல் திறந்து, இரண்டே ஆண்டுகளில் கதவடைத்தது. மூடினாலே வளம் வந்துவிடும் என்றால், இரண்டு முறை மூடிய அந்த இடத்தில் அப்போதே பாலும் தேனும் ஓடியிருக்க வேண்டும்.

நிலைமையை மாற்றியது பொதுப் பணம். நகராட்சி நிலத்தை வாங்கி, தொழிற்சாலைக் கழிவு ஊறிய மண்ணைச் சீர்செய்தது. 1998இல் பல்கலைக்கழகம் வந்தது. 2000இல் கோபன்ஹேகனோடு இணைக்கும் ஓரசுண்ட் பாலம் திறக்கப்பட்டது. தளத்தின் 138 மீட்டர் உயர ராட்சத கிரேன் கடைசியாகச் செய்த பெரிய வேலை, அந்தப் பாலத்தின் தூண்களுக்கான அடித்தளங்களைத் தூக்கியதுதான். பிறகு அது ஒரு டாலர் விலைக்குத் தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனத்துக்குக் கைமாறி, 2002இல் உல்சானுக்குக் கப்பலேறியது. 'மால்மோவின் கண்ணீர்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டதை, நன்மை நடந்தது என்போர் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

கட்டிய விதத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கடலைப் பார்த்த முதல் வரிசைக் கட்டடங்களை உயர்த்திக் காற்றைத் தடுத்து, அவற்றின் பின்னே தாழ்ந்த வீடுகளையும் வளைந்த சந்துகளையும் அமைத்திருக்கிறார்கள். மழைநீர் குழாய்க்குள் மறையாமல், சந்தோரத்துத் திறந்த வாய்க்கால்களிலேயே ஓடுகிறது. கோடையின் வெப்பத்தை நிலத்தடி நீரில் சேமித்துக் குளிர்காலத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டடக்கலைஞர் கலத்ராவா வடிவமைத்து 2005இல் முடிந்த 190 மீட்டர் முறுக்கிய கோபுரம், அடியிலிருந்து உச்சிக்குள் 90 பாகை திரும்புகிறது.

ஆனால் கடலைப் பார்த்த அந்த முதல் வீடுகள் வசதி படைத்தவர்களுக்கே எட்டின. தளத்தில் வெல்டராக இருந்தவர் அங்கே உலாவப் போகலாம், குடியேறுவது வேறு கதை. இந்தக் குறை நகராட்சிக்கே உறைத்ததால்தான், அடுத்து எழுந்த ஃபிளாகுசன் குடியிருப்பில் கட்டுப்படியாகும் வாடகையையும் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்தார்கள்.