“எல்லாரும்தானே செய்யிறாங்க” என்கிறான் மகன்

கேள்வி: மகன் உயர்தரம் முடித்துவிட்டு, கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கியல் டிப்ளோமாவை வீட்டிலிருந்தே ஒன்லைனில் படிக்கிறான். போன சோதனையன்று கேள்விகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டு விடை வாங்கியதைக் கண்டேன். கேட்டால், “எல்லாரும்தானே செய்யிறாங்க” என்கிறான். களவுக்குப் பழக்கி வளர்க்கவில்லையே, ஏன் இப்படி? நிறுவனத்துக்குச் சொல்லவா?
- ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரி, மகன் தப்பிக்கச் சொன்ன பதிலிலேயே பாதிக் காரணம் கிடக்கிறது. அமெரிக்காவில் டொனால்ட் மெக்கேப், லிண்டா ட்ரெவினோ இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்விலும், மாணவர்களைக் கொப்பியடிக்கத் தூண்டுவதில் கூடப் படிப்பவர்களின் நடத்தைதான் முன்னுக்கு நின்றது. இத்தனைக்கும் அது வாட்ஸ்அப் இல்லாத காலம். மண்டபத்தில் ஒருவன் எட்டிப் பார்த்தால் பக்கத்து மேசைக்கு மட்டும் தெரியும். குழுவில் விடை விழுந்தால் வகுப்பே பார்க்கிறது. பார்க்காமல் எழுதுகிறவன்தான் அங்கே ஏமாளி.

மற்றப் பாதி, பாடம் விளங்காதது. ரெக்கோர்டிங் இருக்குதுதானே என்று தள்ளிப்போடுவார்கள். அப்புறம் சோதனைக்கு முதல்நாள் இரவு அதை இரட்டை வேகத்தில் ஓடவிடுவார்கள். ஸூமில் கமரா அணைந்திருக்கும், சந்தேகம் கேட்க வெட்கம். எல்லாருக்கும் ஒரே பல்தேர்வு வினாத்தாளைக் கொடுக்கிற நிறுவனங்களையும் சும்மா விட முடியாது. மூடில் (Moodle) என்கிற ஒன்லைன் வகுப்பு மென்பொருளில் கேள்வி வங்கி வைத்து ஆளுக்கொரு விதமாக வினா கொடுக்கலாம். ஐந்து நிமிடம் வாயால் விளக்கச் சொன்னால் சாட்ஜிபிடியும் உதவாது. ஆனால் அதற்கு ஆள் வேண்டும், காசு வேண்டும். அதற்காக மகன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை.

உடனே புகார் கொடுக்காதீர்கள். பிள்ளை உங்களிடம் கதைப்பதையே நிறுத்திவிடுவான். ஆறுதலாக இருக்கிற ஒரு பின்னேரம், “வங்கி இணக்கக் கூற்று என்றால் என்ன, எனக்கு விளங்கப்படுத்து” என்று கேளுங்கள். கடைக் கணக்குப் புத்தகத்திலுள்ள வங்கி மீதியும் வங்கி காட்டுகிற மீதியும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டுகிற கணக்கு அது. நாளைக்கு டவுனில் ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போனால் முதலாளி கேட்கப்போவதும் இதைத்தான். அவன் தடுமாறுகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் பாடத்துக்கு மட்டும் தெரிந்த ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள்.

அடுத்த சோதனையை ஃபோனை உங்களிடம் தந்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். புள்ளி குறைந்தாலும் ஏச மாட்டேன் என்று முதலே சொல்லிவிடுங்கள். பல பிள்ளைகள் பயப்படுவது விரிவுரையாளருக்கு அல்ல, தவணை தவணையாகக் காசு கட்டும் அம்மாவின் முகத்துக்கு. திரும்ப எழுத எவ்வளவு கட்டணம், எப்போது திகதி என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அந்தக் காசை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னால் மகன் நம்புவான்.