மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே?

குழந்தைகளுக்கு வரும் தொற்றுகள், ரத்தக் குறைபாடுகள் பற்றிய வாசகர் கேள்விகளும் மருத்துவர்களின் பதில்களும்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது, எடை 11 கிலோ. ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. மூன்று மாதமாக இரும்புச்சத்து சிரப் கொடுத்தும் 9.3தான். சிரப்பை மாற்றலாமா?

மாற்றும் முன் லேபிளைப் படியுங்கள். சிகிச்சைக்கு, கிலோவுக்கு ஒரு நாளைக்கு 3 மி.கி. இரும்பு தேவை; உங்கள் மகனுக்கு 33 மி.கி. இது இரும்பின் கணக்கு, இரும்பு சேர்ந்த மருந்து உப்பின் கணக்கு அல்ல. ஃபெரஸ் சல்ஃபேட் 100 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் இரும்பு சுமார் 20 மி.கி.தான். ஃபெரஸ் ஃப்யூமரேட் என்றால் 33. மாதக்கணக்கில் சிரப் கொடுத்தும் பலன் இல்லை என்று வருபவர்களில் பலர் கொடுத்திருப்பது தடுப்புக்கான அளவு!

அடுத்தது பால். பாலோடு சேர்த்துக் கொடுத்தால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே கொடுங்கள். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் குடிக்கிறான் என்றால் அதைக் குறையுங்கள். பாலில் இரும்பு மிகக் குறைவு. பாலிலேயே வயிறு நிறைந்தால் மற்ற சாப்பாடு இறங்காது. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் ஏற்படும்.

அளவும் முறையும் சரியாக இருந்தால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால், நோய் இரும்புக் குறைபாடுதானா என்றே சந்தேகிக்க வேண்டும். கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலேயே ஒரு துப்பு கிடைக்கும். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி பருமன்) அளவை, சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பாருங்கள். எம்சிவி 62, சிவப்பணு 4.1 என்றால் 15 வரும்; 13-க்கு மேல் என்பதால் இரும்புக் குறைபாட்டின் பக்கம் சாய்கிறது. அதே 62-க்குச் சிவப்பணு 5.6 இருந்தால் 11. தலசீமியா மைனராக (ஹீமோகுளோபின் உருவாவதில் பரம்பரையாக வரும் லேசான குறைபாடு) இருக்கலாம். இந்தக் கணக்கு வெறும் சல்லடை. உறுதிப்படுத்த ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவைப் பார்க்க வேண்டும், 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா மைனர் எனலாம். இரும்புக் குறைபாடு ஏ2-வைக் குறைத்துக் காட்டும் என்பதால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டுச் சோதிப்பதே நல்லது.

ஹீமோகுளோபின் சரியான அளவை எட்டியதும் நிறுத்திவிடாதீர்கள். உடலின் இருப்பு நிரம்ப இன்னும் 2-3 மாதம் வேண்டும். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: மூன்று வயது மகளுக்குக் காய்ச்சலின்போது எடுத்த ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்) 22. நார்மல் என்கிறது ரிப்போர்ட். இரும்பு போதும் என்று அர்த்தமா?

இல்லை. தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். ஐந்து வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமான குழந்தைக்கு 12-க்குக் கீழே இருந்தால்தான் குறைபாடு. தொற்றின்போது 30-க்குக் கீழே இருந்தாலே குறைபாடாக எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் விட்டுச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: சளி பிடித்த இரண்டு வாரத்தில் நான்கு வயது மகளின் காலில் சிவப்புப் புள்ளிகள். தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) 14,000. அவளோ ஓடி விளையாடுகிறாள். மருத்துவர் "காத்திருப்போம்" என்கிறார். பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அவர் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். வைரஸ் தொற்றுக்குப் பிறகு, உடலின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கும் இந்த நோய்க்கு ஐடிபி என்று பெயர். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். சிகிச்சையைத் தீர்மானிப்பது எண்ணிக்கை அல்ல, ரத்தக்கசிவு. தோலில் மட்டும் புள்ளிகளும் கன்றல்களும் என்றால் 14,000 ஆனாலும் கவனித்தால் போதும். வாய்க்குள் கசிந்தாலோ, மூக்கில் நிற்காமல் வடிந்தாலோ சில நாட்களுக்கு ஸ்டீராய்டு, அல்லது நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின் தருவார்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்களா? வெள்ளணுவோ ஹீமோகுளோபினோ கோளாறாக இருந்தால், கல்லீரல், மண்ணீரல் பெருத்திருந்தால், எலும்பு வலி இருந்தால் அதை ஐடிபி என்று முடிவுகட்டக் கூடாது. ரத்தப் புற்றுநோயையும் தேட வேண்டும். அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் மறைந்து நிற்கும்.

அதுவரை இபுப்ரோஃபென், ஆஸ்பிரின், தசை ஊசி, மோதி விளையாடும் ஆட்டங்கள் வேண்டாம். தலையில் அடி, கடும் தலைவலி, வாந்தி என்றால் உடனே மருத்துவமனை. காய்ச்சலோடு, மேலே கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் வந்தால் கதையே வேறு. மூளைக்காய்ச்சல் கிருமியாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: மகனுக்கு ஒரு மருந்துக்குப் பிறகு கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தது. அன்றே எடுத்த ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) டெஸ்ட் நார்மல். அப்படியானால் குறைபாடு இல்லையா?

அப்படி முடிவுகட்ட முடியாது. என்சைம் குறைந்த பழைய சிவப்பணுக்கள் முதலில் உடைந்துவிடும்; ரத்தத்தில் மிஞ்சுவது என்சைம் அதிகமுள்ள இளம் அணுக்கள். அதனால் டெஸ்ட் ஏமாற்றும். சுமார் மூன்று மாதம் கழித்து மீண்டும் எடுங்கள். அதுவரை, குறைபாடு இருப்பதாகவே எண்ணி பிரைமாகுயின், டாப்சோன், நைட்ரோஃபியூரன்டாயின், நாஃப்தலின் உருண்டை எல்லாவற்றையும் தவிர்க்கவும்.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்குச் சளி, இருமல் இல்லாமல் மூன்று நாளாகக் காய்ச்சல். பையில் பிடித்த சிறுநீரில் கிருமி வளர்ந்ததாக ரிப்போர்ட். ஆன்டிபயாடிக் தொடங்கலாமா?

பையில் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமிகளும் கலந்துவிடும். அதில் கிருமி இல்லை என்று வந்தால் நம்பலாம். உண்டு என்று வந்தால் நம்ப முடியாது. முதல் வேளை மருந்துக்கு முன்பே, கழுவித் துடைத்து நடுவில் வரும் சிறுநீரையோ, சிறு குழாய் வைத்தோ மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். குழந்தை சோர்ந்து, பால் குடிக்காமல் இருந்தால் மாதிரி எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.