பழைய வண்டியில் தனுஷ்கோடி: கேள்வி பதில்

அம்பாசடர், பத்மினி கார், ஜீப், லாம்பி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் தனுஷ்கோடி போய்வருவது பற்றி அனுப்பிய கேள்விகளும் பதில்களும். வண்டிக்கும் இடிபாட்டுக்கும் சம்பந்தமில்லாத கேள்விக்கு ஒரு வரிதான் கிடைக்கும்.

பரமக்குடியிலிருந்து: அண்ணே, எங்களிடம் 1974 அம்பாசடர் இருக்கிறது. குடும்பத்தோடு அரிச்சல்முனை வரை போகலாமா?

தாராளமாகப் போகலாம். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற இடம்தான் அரிச்சல்முனை. 2017-லிருந்து முனை வரை தார் ரோடு. ராமேஸ்வரம் டவுனில் பெட்ரோல் போட்டுவிடுங்கள், அதற்கப்புறம் பங்கை நம்ப வேண்டாம். போக வர ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் வரும்.

சனி, ஞாயிறு கூட்டத்தில் வண்டி ஊர்ந்து போகும். முதுகுக் காற்று வேறு அடித்தால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது, சூடு ஏறும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் கிளம்புமுன் அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினாலும் சரி, கல் மாதிரி இறுகியிருந்தாலும் சரி, மாற்றிவிடுங்கள். ஃபேன் பெல்ட் ஒன்று, தண்ணீர் ஐந்து லிட்டர் கையில் இருக்கட்டும்.

முனையில் நிறுத்தும்போது வண்டியின் முதுகு காற்றுப் பக்கம் இருக்கட்டும். மூக்கைக் காட்டினால் மணல் ரேடியேட்டர் கண்ணை அடைக்கும். ஆனால் முதுகில் காற்று வாங்கும்போது கதவைக் கைப்பிடியை விடாமல் திறக்க வேண்டும். விட்டால் கீல் வளைந்துவிடும். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் ரோட்டின் மேலேயே மணல் ஏறிக் கிடக்கும், அதில் வேகமாக ஏறாதீர்கள். பொழுது சாயும் முன் போலீஸ்காரர்கள் திரும்பச் சொல்வார்கள். அதனால் காலையில் போவதே நல்லது.

தேவகோட்டையிலிருந்து: பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம்? எல்லாம் மணலும் இடிந்த சுவருமாகத்தானே தெரிகிறது?

வரிசையாகப் பார்த்தால் விளங்கும். முதலில் பாம்பன். 1914-ல் திறந்த ரயில் பாலத்தின் நடுவில் கப்பலுக்காக இரண்டு பக்கமும் தூக்கித் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதியை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆட்கள் கையால் நெம்பித் திறந்த பாலம் அது. பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். ஒன்று கதவு மாதிரி, இன்னொன்று லிஃப்ட் மாதிரி என்று சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ரோடு பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. இறங்கி, கரையிலிருந்து பாருங்கள்.

அடுத்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் அழிந்த ஊர். அதுவரை சென்னை எழும்பூரில் ஏறிய பயணி இங்கே இறங்கி, துறையில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போவார். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். இதைச் சொல்லிவிட்டு ஸ்டேஷன் இடிபாட்டைக் காட்டுங்கள், அது வெறும் சுவராகத் தெரியாது. இங்கே ஓடியது மீட்டர் கேஜ். தண்டவாளத்துக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர்தான். இன்றைய அகலப் பாதை 1,676. ஒரு டேப் எடுத்துப்போய் இரண்டு அளவையும் தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

மாதா கோயில் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், தொடாதீர்கள். பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. கல்லில் பூ மாதிரி தெரிவதெல்லாம் பவளத்தின் கண்கள்.

அங்கே மீனவர்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். குடிசைக்குள் கேமராவை நீட்ட வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து: நம் மாவட்டத்தில் பழைய கார் மியூசியம் இருக்கிறதா?

இல்லை. கோவை அவினாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது, 2015-ல் திறந்தது. அங்கே போனால் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், குனிந்து கதவுக்குக் கீழே, சக்கர வளைவுக்குள் பாருங்கள். பழைய வண்டி பிழைத்த கதை அங்கேதான் இருக்கும். பழைய வீடுகள் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

மண்டபத்திலிருந்து: போய்வந்தபின் அடியில் டீசல் அடித்தால் போதும்தானே?

போதாது. கீழே படியுங்கள்.

திருவாடானையிலிருந்து: தம்பி ஒரு பத்மினி வாங்கியிருக்கிறான். கடற்கரைப் பயணத்துக்கு அப்புறம் சரியாக எப்படிக் கழுவுவது?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தகட்டுப் பெட்டிகள்தான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி துருப்பிடித்தால் அழகு போவதோடு நிற்காது, வண்டி நடுவில் தொய்யும். கதவு மூடாமல் அடம்பிடிக்க ஆரம்பித்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

வெயிலில் நிறுத்தினால் உப்பு காய்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். காயாது. வெறும் சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் தானே தண்ணீர் இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 35 சதவீதத்துக்குள்ளேயே இழுக்கும். நம் கரையில் அதைவிடக் குறைந்த நாள் ஏது? ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியின் தகட்டில் ராத்திரியெல்லாம் துரு வேலை நடக்கிறது.

அன்று சாயங்காலமே கழுவுங்கள். வந்ததும் அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதல் கழுவல் போர் தண்ணீரில், மணல் போவதற்கு. சக்கர வளைவு, லீஃப் செட் (பட்டை ஸ்பிரிங் அடுக்கு), பம்பர் உள்பக்கம். கடைசிக் கழுவல் நல்ல தண்ணீரில். இதை விட்டால் முதல் கழுவல் வீண். நம் ஊர்களில் பல போர்களில் வருவதே உப்புத் தண்ணிதான், அதில் மட்டும் கழுவினால் ஓர் உப்பை எடுத்து இன்னோர் உப்பை வைக்கிறீர்கள். முதுகில் மாட்டி மருந்து அடிக்கும் 16 லிட்டர் ஸ்பிரேயர் வாங்குங்கள், புதிதாக. பூச்சிமருந்து அடித்ததை எடுக்காதீர்கள். கம்பியின் நுனியை மேல்நோக்கித் திருப்பினால் அடிப்பாகம் முழுக்க எட்டும். பெட்டித் தகட்டின் அடியில் வடிகால் துளைகள் உண்டு. பட்டியும் பெயின்ட்டும் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே விட்டு அடித்து வடியவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் சில்வர் நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு. கடைசியாக வடியும் தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுத்தால் உப்பு இருக்கிறது. அதற்கு முன், கடைசிக் கழுவலுக்கு எடுக்கும் நல்ல தண்ணீரையே சோதியுங்கள். கரைசல் கையில் பட்டால் கறுக்கும்.

கழுவி முடித்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை மிதித்து மிதித்துக் காயவையுங்கள். அன்றிரவு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

முதுகுளத்தூரிலிருந்து: காசு கொடுத்துக் குடத்தில் நல்ல தண்ணி வாங்குகிற மாவட்டத்தில் காரைக் கழுவ நல்ல தண்ணியா? பேசுகிற பேச்சா இது?

கோபம் நியாயம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: நான் சொன்னது ஒரு ஸ்பிரேயர், 16 லிட்டர். ஒரு குடத்தைவிடக் கொஞ்சம் கூட. ஹோஸ் பிடித்துவிட்டால் 200 லிட்டர் போகும், அதைச் செய்யாதீர்கள் என்பதற்காகத்தான் ஸ்பிரேயர். மாடித் தண்ணீரை மழைக்காலத்தில் ஒரு டிரம்மில் பிடித்துவைத்தால் காசு கொடுத்து வாங்கும் அந்தக் குடமும் வேண்டாம். மழைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு.

அதே முதுகுளத்தூர்க்காரர்: வருஷத்துக்கு மூன்று மாசம் மழை. மீதி மாசம்?

மீதி மாசம் தனுஷ்கோடிக்குப் பழைய வண்டியை எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள். கிண்டல் இல்லை. தண்ணீர் இல்லாதபோது வண்டியை ஷெட்டில் விடுவதே வண்டிக்கும் நல்லது, குடத்துக்கும் நல்லது.

தொண்டியிலிருந்து: எங்கள் தாத்தா ஜீப்புக்கு நாற்பது வருஷமாக வேஸ்ட் ஆயில்தான் அடித்தோம். ஒரு துரு இல்லை. நீங்கள் புத்தகம் பேசுகிறீர்கள்.

சண்டைக்கு வந்தாலும் பாதி சரியாகச் சொல்கிறீர்கள். சுத்தமாகக் காய்ந்த இரும்பின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் துரு ஏறாது. ஜீப்பின் சேஸ் கனம், பத்மினித் தகடு அதன் பக்கத்தில் காகிதம். ஜீப் தாங்கியதைப் பத்மினி தாங்காது. உப்பின் மேலேயே எண்ணெய் அடித்தால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடி போட்டமாதிரி. எண்ணெய் உப்பைக் கரைக்காது. வேஸ்ட் ஆயிலில் என்ஜின் எரித்த அமிலமும் இருக்கும். டீசல் ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், அப்புறம் லீஃப் செட் கிறீச்சிடும்.

தொண்டி: அப்போ கழுவிக் காயவைத்து அடித்தால்?

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புது கியர் ஆயிலோ கிரீஸோ பூசுங்கள், ரப்பரை விட்டுவிட்டு.

சாயல்குடியிலிருந்து: சார், அடியில் டீசல் அடிக்கலாமா?

மேலே இரண்டு பதில் இருக்கிறது.

ராமநாதபுரத்திலிருந்து: 1968 வண்டி. விண்டேஜ் பதிவு செய்துவிட்டால் தொல்லை இல்லாமல் எங்கும் போகலாமாமே?

நேர் மாறு. 2021 விதிப்படி 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத சொந்த வண்டிக்கு விஏ எழுத்துள்ள நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. புதுப்பிக்க 5,000. ஆனால் அதன்பின் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். குடும்பத்தோடு முனைக்குப் போக ஆசையென்றால் இருக்கிற ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கையிலிருந்து: 22 தீர்த்தம் எத்தனை மணிக்குத் திறக்கும்?

கோயிலில் கேளுங்கள்.

உச்சிப்புளியிலிருந்து: முனையில் கிடக்கும் பவளக் கல் ஒன்று டேஷ்போர்டில் வைக்க எடுக்கலாமா?

கூடாது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, செத்துக் கிடந்தாலும்தான். ஸ்டேஷன் செங்கலுக்கும் இதே பதில்.

தங்கச்சிமடத்திலிருந்து: அந்தச் சுவர்களை சிமென்ட் பூசிக் காப்பாற்றலாமே?

பத்மினிக் கதையேதான். சுவருக்குள் உப்பு ஈரம் இருக்கிறது. சுண்ணாம்பு அதை மூச்சுவிட வைக்கும். சிமென்ட் அடைக்கும், உப்பு பின்னால் படிகமாகிக் கல்லை உள்ளேயே பொடியாக்கும். செய்தால் சுண்ணாம்புச் சாந்தில்தான்.

தொண்டி, மறுபடி: ஜீப் சேஸுக்குள் மணல் போயிருந்தால்?

பக்கவாட்டுத் துளைகளில் காற்று அடித்து மணலை முதலில் உலர்வாக எடுங்கள், வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். தண்ணீரை முதலில் விட்டால் மணல் சேறாகி மூலையில் தங்கும். அதன்பின் ஸ்பிரேயர், இரண்டு நாள் காயவிட்டு எண்ணெய். டீசல் இல்லை.